சாங்கியிலிருந்து நியூயார்க்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

பள்ளி விடுமுறை நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நெடுந்தூர விமானப் பயணத்தைப் பற்றியவையாக இருந்தன. பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிவிட்டு அவர்களைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் நம்மிடையே பெருகியிருப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். தூரத்தையும் நேரத்தையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் இவற்றில் பல ஐயங்கள் எழுகின்றன. ஆகவே, இந்த இதழில் அந்த ஒரு பொருளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் விடை தருகிறேன்.

கேள்வி: என் மகள் நியூயார்க்கில் படிக்கிறாள். சாங்கியிலிருந்து அங்குள்ள கென்னடி விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் என்று ஓரிடத்தில் பார்த்தேன். நேரடி விமானம் 16,700 கிலோமீட்டர் பறக்கிறது என்று வேறோரிடத்தில் படித்தேன். எது சரி? உலகப் படத்தில் இந்தியா, ஐரோப்பா வழியாக மேற்கே போவதுதான் நேர்வழியாகத் தெரிகிறது. ஆனால், தன்னுடைய விமானம் ஜப்பான் பக்கமாகச் சென்றது என்கிறாள் மகள். ஏன் இந்தச் சுற்றுவழி?
— வாசகி, செங்காங்

பதில்: இரண்டு எண்களும் சரியானவையே, அவை அளப்பவைதாம் வெவ்வேறு. முதல் எண், பூமி என்னும் உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு நிலையங்களுக்கும் இடையிலுள்ள மிகக் குறைந்த தூரம். பெருவட்டத் தூரம் எனப்படும் இது கணிதத்தால் கிடைப்பது. பருவத்தாலோ காற்றாலோ மாறாதது. இரண்டாவது எண், விமானம் உண்மையில் பறக்கும் பாதையின் நீளம். 2018-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்கை அடுத்துள்ள நியூவர்க் நிலையத்துக்கு நேரடிச் சேவையை அறிவித்தபோது, ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர், அதிகபட்சம் 18 மணி 45 நிமிடம் என்று தெரிவித்தது. நியூவர்க்கும் கென்னடியும் ஒரே நகரின் இரு பக்கங்களில் இருப்பவை என்பதால், சிங்கப்பூரிலிருந்து பார்க்கும்போது இரண்டுக்கும் தூரத்தில் வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். கென்னடி நிலையத்துக்கான நேரடிச் சேவை 2020 நவம்பரில் தொடங்கியது.

சுவரில் மாட்டும் உலகப் படத்தை வைத்து நேர்வழியைத் தீர்மானிக்க முடியாது. உருண்டையைத் தட்டையான தாளில் விரிக்கும்போது துருவங்களுக்கு அருகிலுள்ள பகுதிகள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. அதனால் உண்மையில் குறுகலான வழி தாளில் நீண்டு வளைந்து தெரிகிறது. வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால், ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறு முனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் மேற்கே இந்தியாவுக்கும் போகாது, கிழக்கே ஜப்பானுக்கும் போகாது. நேராக வடக்கே ஏறி வட துருவத்துக்கு மிக அருகில் கடந்து மறுபக்கம் இறங்கும்.

இதைத் தாளிலேயே கணக்கிட்டுச் சரிபார்க்கவும் முடியும். சாங்கி ஏறத்தாழ 104 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையிலும், கென்னடி ஏறத்தாழ 74 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 178. அதாவது, பூமியின் நேரெதிர்ப் பக்கத்துக்கு இரண்டே பாகை குறைவு. எனவே துருவத்தின் மேலாகப் போவதாகவே வைத்துக்கொண்டு கணக்கிடலாம். சாங்கி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.4 பாகையில் இருப்பதால், அங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகை. கென்னடி 40.6 பாகையில் இருப்பதால், துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.4 பாகை. மொத்தம் 138 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர் என்பதால், இரண்டையும் பெருக்கினால் 15,346 கிலோமீட்டர் கிடைக்கிறது. நீங்கள் பார்த்த எண்ணுக்கு இது எவ்வளவு நெருக்கமாக வருகிறது, பாருங்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கோட்டில் எந்தெந்த ஊர்கள் வரும் என்று பார்ப்பதும் சுவையானது. சீனாவின் செங்டு நகரமும், பைக்கால் ஏரிக்கு அருகிலுள்ள சைபீரிய நகரமான இர்குட்ஸ்க்கும் ஏறத்தாழ சிங்கப்பூரின் தீர்க்கரேகையிலேயே இருக்கின்றன. துருவத்துக்கு அப்பால் இறங்கும்போது கனடாவின் மாண்ட்ரியல் ஏறத்தாழ நியூயார்க்கின் தீர்க்கரேகையில் வருகிறது. குறுகிய வழி இந்த ஊர்களின் பக்கமாகத்தான் போகிறது.

ஆயினும் விமானங்கள் இந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஒரு நாட்டின் வான்வெளியில் பறக்க அந்நாட்டின் அனுமதி வேண்டும். 2022-இல் உக்ரேன் போர் தொடங்கிய பிறகு பல நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. தடை இல்லாத நிறுவனங்களில் சிலவும் தாமாகவே அதைத் தவிர்க்கின்றன. சைபீரியா இல்லாமல் துருவ வழி இல்லை. அடுத்தது குளிர். விமானங்களில் பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 செல்சியஸ்; துருவப் பகுதியின் மேல்வானில் காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும் நாள்கள் உண்டு என்பதால், விமானிகள் எரிபொருளின் வெப்பநிலையைத் தொடர்ந்து கவனித்து, தேவைப்பட்டால் உயரத்தையோ பாதையையோ மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு இயந்திரங்கள் கொண்ட விமானங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உள்ளது. ஓர் இயந்திரம் பழுதானால் மற்றதைக் கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவதொரு விமான நிலையத்தை எட்டக்கூடிய பாதையில்தான் அவை பறக்கலாம். ஏ350 விமானத்துக்கு அந்த வரம்பு 370 நிமிடம்வரை நீளலாம் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2014-இல் அனுமதி அளித்திருப்பதால், இன்று இந்தக் கட்டுப்பாடு முன்புபோல இறுக்கமாக இல்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் காற்று. ஜப்பானுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பறந்தாலும் இந்தக் காற்றின் துணை கிடைத்தால் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். உங்கள் மகள் சென்ற வழி தூரத்தில் சுற்றுவழி. நேரத்தில் அதுவே குறுக்குவழி.

கேள்வி: திரும்பி வரும் பயணம் ஏன் போகும் பயணத்தைவிட நீள்கிறது? பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வரவேண்டும் அல்லவா? அப்படியானால் மேற்கே போகும் பயணம்தானே விரைவாக முடிய வேண்டும்?
— மாணவர், ஈசூன்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. பூமி சுழலும்போது தன் வளிமண்டலத்தையும் சேர்த்தே சுழற்றுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சாங்கியின் ஓடுதளம் இந்தக் கணத்திலும் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. ஓடுதளத்தில் நிற்கும் விமானமும் அதைச் சூழ்ந்துள்ள காற்றும் அதே வேகத்தில் சேர்ந்தே நகர்கின்றன. மேலே எழும்பிய பிறகும் விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. ஆகவே, சுழற்சியால் ஊர் நம்மை நோக்கி ஓடி வருவதில்லை.

சுழற்சிக்கு வேறொரு வகையில் பங்கு உண்டு. வெப்ப மண்டலத்தில் சூடேறிய காற்று உயர்ந்து துருவங்களை நோக்கி நகரும்போது, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கு நோக்கித் திருப்பிவிடுகிறது. வெப்பப் பகுதியும் குளிர்ப் பகுதியும் சந்திக்கும் எல்லையில், தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், நீண்டு குறுகிய ஆறு போலக் கிழக்கு நோக்கி ஓடுகிறது ஜெட் ஸ்ட்ரீம் என்னும் இந்தக் காற்று. பயணிகள் விமானங்கள் பறப்பதும் அதே உயரத்தில்தான். 1920-களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு, தம் நாட்டுக்கு மேலே இந்தக் காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது என்பதை அளந்தார். தம் முடிவுகளை எஸ்பெராந்தோ என்னும் செயற்கை மொழியில் அவர் வெளியிட்டதால் அவை உலகின் கவனத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானுக்கு மேலே இந்தக் காற்றில் சிக்கித் திணறிய பிறகுதான் அதன் வலிமை பரவலாக உணரப்பட்டது.

காற்றோடு ஒப்பிட்டால் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். காற்று 200 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து தள்ளினால் தரையோடு ஒப்பிட்ட வேகம் 1,100 ஆகிவிடும். அதே காற்று எதிரே வீசினால் 700-ஆகக் குறைந்துவிடும். இந்த வேறுபாட்டைச் சான் பிரான்சிஸ்கோ பயணத்தில் தெளிவாகக் காணலாம். சிங்கப்பூரிலிருந்து அந்நகருக்குப் பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 13,600 கிலோமீட்டர். போகும்போது பொதுவாக 15 மணி நேரத்தை ஒட்டியும், வரும்போது 17 மணி நேரத்தை ஒட்டியும் ஆகிறது. குளிர்காலத்தில் வெப்பப் பகுதிக்கும் குளிர்ப் பகுதிக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாடு பெருகுவதால் காற்றும் வலுவடைகிறது. எனவே விமான நிறுவனங்கள் பருவத்துக்குப் பருவம் தங்கள் கால அட்டவணையை மாற்றுகின்றன.

நியூயார்க் சேவையில் இன்னும் வியப்பான ஒன்று உண்டு. இரு நகரங்களும் ஏறத்தாழ நேரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், திரும்பி வரும்போதும் கிழக்கு நோக்கியே பறக்கலாம். அன்றைய காற்று பசிபிக் வழிக்கு எதிராகவும் அட்லாண்டிக் வழிக்குச் சாதகமாகவும் இருந்தால், விமானம் நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலையும் ஐரோப்பாவையும் கடந்து சிங்கப்பூருக்கு வருகிறது. பசிபிக் வழியாகப் போய் அட்லாண்டிக் வழியாகத் திரும்பும் பயணி உலகை ஒரு முறை முழுமையாகச் சுற்றி வந்தவர் ஆகிறார்.

கேள்வி: காலை 9 மணிக்குச் சாங்கியிலிருந்து புறப்பட்டு அதே நாள் காலை 8 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவது போல என் பயணச்சீட்டில் இருக்கிறது. இதில் பயண நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: சீட்டில் அச்சாகும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊரின் கடிகார நேரங்கள். அவற்றை அப்படியே கழிக்கக் கூடாது. முதலில் இரண்டையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்ற வேண்டும். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிட 16 மணி நேரம் பின்தங்கியுள்ளது. அங்கே காலை 8 மணி என்றால் சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணி. ஆகவே பயண நேரம் காலை 9 முதல் நள்ளிரவு 12 வரை, 15 மணி நேரம். பசிபிக்கின் நடுவே சர்வதேசத் தேதிக் கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடக்கும்போது தேதி ஒரு நாள் பின்னே போவதால்தான், வந்து இறங்கும் நேரம் புறப்பட்ட நேரத்துக்கு முன்னதாகத் தெரிகிறது. திரும்பும்போது அந்த ஒரு நாளைக் கொடுத்துவிடுவீர்கள். எனவே திரும்பி வந்ததும் வேலைக்குச் செல்ல வேண்டியவர்கள் அமெரிக்காவில் புறப்படும் தேதியைப் பார்த்து விடுப்பைக் கணக்கிடாமல், சாங்கியில் இறங்கும் தேதியைப் பார்த்துக் கணக்கிட வேண்டும்.

இதில் பலரும் தடுமாறும் இடம் அமெரிக்காவின் கோடைக்கால நேர மாற்றம். மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படுகின்றன. நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் பின்னே வருகின்றன. அதனால் நியூயார்க் நமக்குப் பின்னே இருப்பது கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம். நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்ட விமானம் 18 மணி 45 நிமிடம் பறந்தால், கோடையில் அங்கே அதே நாள் காலை 6:45 மணிக்கு இறங்கும். குளிர்காலத்தில் 5:45 மணிக்கு. பறந்த நேரம் ஒன்றே. பனிக்காலத்தில் விடியலுக்கு முன்பே இறங்குவதால், அழைத்துச் செல்ல வரும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

சிங்கப்பூரில் கோடைக்கால மாற்றம் இல்லை. ஆனால், நம் கடிகாரமும் சூரியனைவிட முன்னால் ஓடுவதுதான். நம் தீர்க்கரேகைக்கு உலகப் பொது நேரத்தைவிட 7 மணி நேரம் முன்னே இருந்தால் போதும். நாம் 8 மணி நேரம் முன்னே இருக்கிறோம். 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியா கிழக்கு மலேசியாவோடு ஒரே நேரத்துக்கு வரத் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்த, சிங்கப்பூரும் உடன் நகர்ந்தது. நண்பகல் சூரியன் இங்கே ஒரு மணியை ஒட்டி உச்சிக்கு வருவது அதனால்தான்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து சென்னை தூரமா, திருச்சி தூரமா?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: திருச்சிதான் சற்றுத் தூரம். பெருவட்டக் கணக்கில் சென்னை ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர், திருச்சி ஏறத்தாழ 2,980, மதுரை ஏறத்தாழ 3,010, கோயம்புத்தூர் ஏறத்தாழ 3,160. தென்கோடியில் இருப்பதால் மதுரை நமக்குப் பக்கம் என்று நினைப்போர் பலர். ஆனால் சென்னை கிழக்கே தள்ளியிருப்பதே இங்கே கணக்கைத் தீர்மானிக்கிறது. சென்னைக்குப் பயண நேரம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜெட் ஸ்ட்ரீம் வலுவாக வீசும் பகுதிக்கு வெகு தெற்கே இந்தப் பாதை அமைந்திருப்பதால், போகவும் வரவும் ஆகும் நேரத்தில் அமெரிக்கப் பயணத்தைப் போன்ற பெரிய வேறுபாடு இல்லை.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் தாயாரை நியூயார்க்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நேரடி விமானமா, இடையில் நின்று செல்லும் விமானமா? நின்று சென்றால் தூரம் கூடிவிடாதா?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: தூரம் கூடாது என்பதுதான் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் வழியாகவும் நியூயார்க்குக்குச் சேவை நடத்துகிறது. சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்ஃபர்ட் பெருவட்டக் கணக்கில் ஏறத்தாழ 10,300 கிலோமீட்டர். அங்கிருந்து கென்னடி ஏறத்தாழ 6,200. இரண்டும் சேர்ந்து 16,500 கிலோமீட்டர்தான். பசிபிக் வழியாக நேரடி விமானம் பறக்கும் 16,700 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனாலும், நேரம் கூடும். மேற்கு நோக்கிப் பறக்கும்போது, அதிலும் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது, எதிர்காற்றைச் சமாளிக்க வேண்டும். ஒரு முறை இறங்கி மீண்டும் ஏற வேண்டும். இடையே நிலையத்தில் காத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் ஒரு முழு நாளை நெருங்கிவிடும்.

தாயாருக்கு எது ஏற்றது என்பதை மணிக்கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்கும், நெடுநேரம் உட்கார்ந்தால் கால் வீங்குபவர்களுக்கும், நடுவே இறங்கி நடக்க வாய்ப்புக் கிடைப்பது நன்மையாக இருக்கலாம். கூட்டத்தில் நடக்கவும், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கவும் சிரமப்படுபவர்களுக்கு ஒரே மூச்சில் போவதே எளிது. அவர்களும் விமானத்துக்குள் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். இரத்த உறைவு, இதய நோய் போன்றவை இருந்தால் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவராக இருந்தால், 12 மணி நேர வேறுபாட்டைக் கடக்கும்போது எந்த வேளைக்கு எந்த மருந்து என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி உதவியைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பெறலாம்; அதைக் கேட்கத் தயங்க வேண்டியதே இல்லை.

கேள்வி: நியூயார்க்குக்கு நேரடி விமானம் முன்பே இருந்ததாக நினைவு. பிறகு ஏன் நிறுத்தினார்கள்?
— வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: உங்கள் நினைவு சரியே. 2004 ஜூனில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏ340-500 விமானங்களைக் கொண்டு நியூவர்க்குக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. முதலில் 181 இருக்கைகள் இருந்த அந்த விமானங்களை 2008-இல் வர்த்தக வகுப்பு மட்டும் கொண்ட 100 இருக்கைகளாக மாற்றியது. 2013 நவம்பரில் சேவை நின்றது. அந்த விமானத்துக்கு நான்கு இயந்திரங்கள். எரிபொருளை அது மிகுதியாகக் குடித்தது. எரிபொருள் விலையோ அக்காலத்தில் உச்சத்தில் இருந்தது.

நெடுந்தூரம் பறப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பதினெட்டாம் மணி நேரத்தில் எரிக்க வேண்டிய எரிபொருளை முதல் மணி நேரத்திலிருந்தே சுமந்து செல்ல வேண்டும். அந்தச் சுமையைத் தூக்கவே கூடுதல் எரிபொருள் எரிகிறது. எனவே, தூரம் கூடக்கூட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் செலவும் கூடுகிறது. 2018 அக்டோபரில் சேவை மீண்டும் தொடங்க வழிவகுத்தது, இரண்டே இயந்திரங்கள் கொண்ட ஏ350-900-இன் நெடுந்தூர வகை. கூடுதல் தொட்டி பொருத்தாமலேயே அதன் எரிபொருள் கொள்ளளவு 141,000 லிட்டரிலிருந்து 165,000 லிட்டராக உயர்த்தப்பட்டது. இருக்கைகள் 161 மட்டுமே. வர்த்தக வகுப்பில் 67, சிறப்புச் சிக்கன வகுப்பில் 94. அதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350-இல் 253 இருக்கைகள் உள்ளன. சாதாரணச் சிக்கன வகுப்பு அந்த விமானத்தில் இல்லாததற்கு இந்த எடைக் கணக்கே காரணம். குடும்பமாகச் செல்லும் நடுத்தர வருமானத்தினருக்கு இது ஒரு குறைதான் என்பது என் கருத்து. அவர்களுக்கு இடைநிறுத்தப் பயணமே கட்டுப்படியாகும்.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் இங்கு வந்தவன் நான். அந்தக் காலத்தில் விமானத்தில் வந்தவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?
— மூத்த வாசகர், தோ பாயோ

பதில்: ஐயா, உங்கள் கடிதம் மகிழ்ச்சி அளித்தது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா 1970-களின் தொடக்கம்வரை நம் மக்களைச் சுமந்தது; கடலில் ஏறத்தாழ ஒரு வாரம். தொடக்கக் காலத்தில் விமானமும் அவ்வளவு விரைவானதாக இல்லை. 1935 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் பிரிஸ்பேனிலிருந்து சிங்கப்பூருக்கு முதன்முதலாகப் பயணிகள் சேவையைத் தொடங்கியபோது, அந்தப் பயணத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. இரவில் பறக்காமல், பகலில் ஊர் ஊராக இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்ற காலம் அது. லண்டனிலிருந்து பிரிஸ்பேன்வரை முழு வழிக்கும் பன்னிரண்டரை நாள். நம் விமான நிலையமும் பின்னர் சிலேத்தாரிலிருந்து 1937-இல் காலாங்குக்கும், 1955-இல் பாய லேபாருக்கும், 1981-இல் சாங்கிக்கும் இடம் மாறியது. அந்த நிலையங்களுக்கிடையிலான தூரம் சில கிலோமீட்டர்தான் என்பதால், லண்டனோ பிரிஸ்பேனோ நமக்குக் கிட்டத்தில் வந்துவிடவில்லை, குறைந்ததெல்லாம் நேரமே.

வேகம் இருந்தும் அனுமதி கிடைக்காமல் நின்ற கதையும் நம் ஊரில் உண்டு. ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்ட் விமானத்தை பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து, லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு 1977 டிசம்பரில் இயக்கின. மலாக்கா நீரிணைக்கு மேலே ஒலிமிஞ்சிய வேகத்தில் பறக்க மலேசியா இசையாததால் சில பயணங்களிலேயே சேவை தடைபட்டது. 1979-இல் மீண்டும் தொடங்கி, 1980-இல் முற்றிலும் நின்றுபோனது.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மிகவும் தொலைவிலுள்ள பெருநகர விமான நிலையம் எது?
— தொடக்கக் கல்லூரி மாணவி, பிடோக்

பதில்: பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்பதால், எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே மிக அதிகத் தூரம் 20,000 கிலோமீட்டர்தான். சிங்கப்பூருக்கு நேரெதிரான புள்ளி தென்னமெரிக்காவில், எக்குவடோர் நாட்டின் அமேசான் காட்டுக்குள் விழுகிறது. அந்நாட்டின் தலைநகரான கீட்டோ அங்கிருந்து 300 கிலோமீட்டர் அளவில்தான் உள்ளது என்பதால், நம்மிடமிருந்து ஏறத்தாழ 19,700 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தலைநகரங்களில் இதுவே நமக்கு மிகத் தொலைவானது.

நேரெதிர்ப் புள்ளிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அங்கே செல்ல எந்தத் திசையில் புறப்பட்டாலும் தூரம் ஒன்றே. கீட்டோ அந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருப்பதால், ஆப்பிரிக்கா வழியாகப் போனாலும், பசிபிக் வழியாகப் போனாலும், வட துருவம் வழியாகப் போனாலும், தென் துருவம் வழியாகப் போனாலும் பெரிய வேறுபாடு இருக்காது; மிக நீண்ட வழிக்கும் மிகக் குறுகிய வழிக்கும் இடையே 600 கிலோமீட்டர் அளவே வித்தியாசம். அந்தத் தூரத்தை இடைநில்லாமல் கடக்கும் பயணிகள் சேவை இன்று இல்லை. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ விமானம் மாறித்தான் கீட்டோ செல்ல வேண்டும். எது விரைவு என்பதை அங்கே காத்திருக்கும் நேரமே முடிவு செய்யும்.